நவூருவின் சுதந்திர தினம் ஏன் ஜனவரி 31?

கேட்கப்பட்ட கேள்வி: "பசிபிக் தீவு நாடான நவூரு 1968 ஜனவரி 31 அன்று சுதந்திரம் பெற்றது. அந்தத் தேதிக்கு ஏதாவது காரணம் உண்டா? அக்டோபர் 26-ஆம் தேதி 'அங்காம் தினம்' என்று ஒரு தேசிய விடுமுறை இருக்கிறதே, அது மதப் பண்டிகையா? அந்த நாட்டின் மற்ற விடுமுறைகள் என்னென்ன?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 31 தற்செயலாக அமைந்த தேதி இல்லை. நவூரு மக்களே யோசித்துத் தேர்ந்தெடுத்த தேதி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் நாடு கடத்திக் கொண்டுபோன நவூரு மக்களில் உயிர் பிழைத்தவர்கள் ஊர் திரும்பியது 1946 ஜனவரி 31 அன்று. சரியாக 22 வருடம் கழித்து அதே நாளில் தங்கள் நாடு பிறக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். அங்காம் தினத்துக்கும் மதத்துக்கும் சம்பந்தம் இல்லை. நவூரு மக்களின் எண்ணிக்கை 1,500-ஐத் தொட்ட நாள் அது.

ஆயிரத்து ஐநூறு பேர் என்பது நம் ஊரில் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்துக் கூட்டம். அந்த எண்ணிக்கையை எட்டியதற்கு ஒரு நாடு ஆண்டுதோறும் விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது என்றால், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் விஷயம் புரியும். பசிபிக் நாடுகளின் விடுமுறைப் பட்டியல்களிலேயே என் மனதுக்கு மிக நெருக்கமானது இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நவூரு பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே தனியாகக் கிடக்கிற ஒரே ஒரு தீவு. பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். பக்கத்துத் தீவான பனாபாவே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தீவைச் சுற்றிவரும் சாலை 19 கிலோமீட்டர்தான், அரை மணி நேரத்தில் நாட்டையே ஒரு சுற்று சுற்றிவிடலாம். அதிகாரபூர்வமான தலைநகரம் என்று ஒன்று கிடையாது. அரசு அலுவலகங்கள் யாரென் மாவட்டத்தில் இருக்கின்றன. கொடியைப் பார்த்தாலே நாடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்: நீல நிறத்தில் நடுவே ஓடும் மஞ்சள் கோடு பூமத்திய ரேகை, அதற்குக் கீழே இருக்கும் வெள்ளை நட்சத்திரம் நவூரு. நட்சத்திரத்துக்குப் பன்னிரண்டு முனைகள், தீவின் பன்னிரண்டு குலங்களுக்காக.

ஐரோப்பியர்களில் இந்தத் தீவை முதலில் பார்த்து எழுதிவைத்தவர் ஜான் ஃபேர்ன் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர், 1798-ல். 'இனிய தீவு' என்ற பொருளில் அதற்கு ஒரு ஆங்கிலப் பெயரும் வைத்தார். அப்புறம் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்தன, கப்பலை விட்டு ஓடிவந்தவர்கள் கரையேறினார்கள், துப்பாக்கியும் சாராயமும் கூடவே வந்தன. 1878-ல் ஒரு திருமண விருந்தில் எழுந்த சச்சரவில் துப்பாக்கி வெடித்து ஒரு இளம் தலைவர் செத்துப்போனார். குலங்களுக்கு நடுவே சண்டை மூண்டு பத்து வருடம் ஓயவில்லை. 1888-ல் ஜெர்மனி வந்து தீவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்தபோது எழுநூறுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் கிடைத்தன. அப்போது தீவில் மீதமிருந்தவர்கள் சுமார் 900 பேர். ஏறக்குறைய ஆளுக்கொரு துப்பாக்கி!

1899-ல் தீவின் தலையெழுத்தை மாற்றிய விஷயம் நடந்தது. நவூருவிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு கல், சிட்னியில் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. கல்லாகிப்போன மரம் என்று நினைத்து அதை அப்படிப் போட்டுவைத்திருந்தார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்த்தார். உயர்தரமான பாஸ்பேட். உரம் தயாரிக்க அதைவிடச் சிறந்த மூலப்பொருள் கிடைப்பது அரிது. 1906-ல் சுரங்கம் தொடங்கியது, அடுத்த ஆண்டே முதல் கப்பல் கிளம்பியது. முதல் உலகப் போர் தொடங்கியதும் 1914-ல் ஆஸ்திரேலியப் படை ஜெர்மானியரிடமிருந்து தீவைக் கைப்பற்றியது. போர் முடிந்து பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் சார்பில் நவூருவைப் பொறுப்பேற்றன. நடைமுறையில் நிர்வாகம் ஆஸ்திரேலியாவிடம் இருந்தது. பாஸ்பேட் மூன்று அரசுகளும் சேர்ந்து அமைத்த ஆணையத்தின் கைக்குப் போனது. சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலைக்கு அது ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விவசாயிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான நவூரு மக்களுக்குக் கிடைத்தது டன்னுக்குச் சில்லறைக் காசு.

வெளியாட்கள் வரவரப் புதுப்புது நோய்களும் வந்தன. 1920-ல் வந்த இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் மட்டுமே ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைக் கொண்டுபோனது. மக்கள்தொகை ஆயிரத்தை ஒட்டி வந்து நின்றது. அப்போது நிர்வாகியாக இருந்தவர் பிரிகேடியர் ஜெனரல் கிரிஃபித்ஸ். ஓர் இனம் பிழைத்து நிற்க வேண்டுமானால் குறைந்தது 1,500 பேராவது வேண்டும், அந்த எண்ணிக்கையை எட்டும் நாளை நவூரு கொண்டாட வேண்டும் என்று அவர் காலத்தில்தான் முடிவானது. அந்தக் கணக்குக்கு அறிவியல் அடிப்படை இருந்ததா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. மக்கள் அதைத் தங்கள் இலக்காக ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு பிரசவத்தையும் தீவே எதிர்பார்த்துக் காத்திருந்தது. ஆயிரத்து ஐநூறாவது குழந்தை யார் வீட்டில் பிறக்கப்போகிறது என்பதுதான் எல்லோருக்கும் பேச்சு.

1932 அக்டோபர் 26 அன்று அந்தக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. 'அங்காம் குழந்தை' என்று தீவே கொண்டாடியது. இலக்கை எட்டிய மகிழ்ச்சியையும் வீடு வந்து சேர்வதையும் நவூரு மொழியில் இந்த ஒரே சொல்லால் சொல்வார்கள். அன்றிலிருந்து அந்தத் தேதி விடுமுறை.

அடுத்த பத்து வருடத்தில் எண்ணிக்கை 1,800-ஐ நெருங்கியது. அதற்குள் போர் வந்துவிட்டது. 1940 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் நவூருவைச் சுற்றியிருந்த பாஸ்பேட் கப்பல்களை மூழ்கடித்தன, துறைமுகத்தின் மீதும் குண்டு வீசின. 1942 ஆகஸ்டில் ஜப்பானியப் படை தீவுக்குள் இறங்கியது. விமானதளம் போட உள்ளூர் மக்களை வேலைக்கு இழுத்தார்கள். படைவீரர்களும் வெளியிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர்களுமாகச் சின்னத் தீவில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் சோறு எங்கே இருக்கிறது? 1943-ல் சுமார் 1,200 நவூரு மக்களை, அதாவது மூன்றில் இரண்டு பங்குப் பேரை, கப்பலில் ஏற்றி ட்ரூக் தீவுகளுக்கு அனுப்பினார்கள். இன்று சூக் என்று பெயர். நவூருவுக்கு வடமேற்கே ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஜப்பானியக் கடற்படைத் தளம் அது.

அதே 1943-ல் நடந்த இன்னொரு கொடுமையைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. தீவில் தொழுநோயாளிகள் 39 பேர் தனியாக ஓர் இடத்தில் வாழ்ந்துவந்தார்கள். வேறு தீவில் சிகிச்சைக்கு அழைத்துப்போகிறோம் என்பதுபோல் அவர்களை ஒரு படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோனார்கள். படகை மூழ்கடித்தார்கள். ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ட்ரூக்கில் நவூரு மக்கள் ராணுவத்துக்குக் கூலியாட்கள். மண் வெட்ட வேண்டும், மூட்டை தூக்க வேண்டும், படைக்குப் பயிர் செய்ய வேண்டும். 1944-ல் அமெரிக்க விமானங்கள் ட்ரூக் தளத்தை நொறுக்கின. அதன்பிறகு ஜப்பானிலிருந்து உணவுக் கப்பல் வருவது நின்றுபோனது. படைக்கே உணவில்லாதபோது கூலியாட்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? பட்டினியாலும் நோயாலும் குண்டுவீச்சாலும் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். தலைமைத் தலைவராக இருந்த திமோதி டெடுடாமோவும் அவர்களோடுதான் இருந்தார். சிதறிக்கிடந்தவர்களை ஒரே சமூகமாகக் கட்டிக்காத்தவர் அவர்.

நவூருவிலேயே தங்கிவிட்ட மக்களின் நிலையும் மோசம்தான். அங்கேயும் கப்பல் வரத்து அறுந்துபோய், படையும் மக்களும் ஒன்றாகப் பசியில் கிடந்தார்கள். இரும்பு பீப்பாய்களைப் பாதியாக வெட்டி, அதில் மனித மலத்தை எருவாகப் போட்டுப் பூசணி வளர்த்தார்கள். தென்னம்பாளை சீவி இறக்கிய கள் பலருடைய உயிரைக் காப்பாற்றியது. அது அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த வேலை, இனிப்பாக இறக்கிக் குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள்.

1945 செப்டம்பரில் நவூருவில் இருந்த ஜப்பானியப் படை சரணடைந்தது. ட்ரூக்கில் இருந்தவர்களுக்கோ கப்பல் உடனே கிடைக்கவில்லை, போர் முடிந்தும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் பாஸ்பேட் ஆணையத்தின் 'டிரையன்ஸா' என்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு 1946 ஜனவரி 31 அன்று நவூரு வந்து சேர்ந்தது. போனவர்கள் சுமார் 1,200. இறங்கியவர்கள் 737. உயிரோடு திரும்பியவர்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இல்லாமல் இருந்திருப்பார்கள், அவ்வளவு சின்ன சமூகம் அது. 1932-ல் பிறந்த அந்த அங்காம் குழந்தையும் ட்ரூக்குக்குப் போனவள். அவள் திரும்பி வரவில்லை.

இலக்கு மறுபடியும் கைநழுவிவிட்டது. மறுபடி எண்ண ஆரம்பித்தார்கள். 1949 மார்ச் 31 அன்று இரண்டாவது முறையாக 1,500 வந்தது, இரண்டாவது அங்காம் குழந்தை பிறந்தது. ஆனாலும் விடுமுறையை மார்ச்சுக்கு மாற்றவில்லை, முதல் முறை எட்டிய அக்டோபர் 26-ஐயே வைத்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். முதல் குழந்தையின் பிறந்தநாள் நாட்காட்டியை விட்டுப் போய்விடாமல் இருக்கிறது.

இனி சுதந்திரத்துக்கு வருவோம். ட்ரூக்கிலிருந்து உயிரோடு திரும்பியவர்களில் ஹேமர் டிரோபர்ட் என்ற இளைஞரும் ஒருவர். 1922 செப்டம்பர் 25-ல் பிறந்தவர், ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் படித்தவர், ஆசிரியர் வேலை பார்த்தவர். போருக்குப் பிறகு நவூரு ஐ.நா.வின் பொறுப்பாட்சிப் பிரதேசமானது. நிர்வாகம் மட்டும் அதே மூன்று நாடுகளின் கையில்தான். 1951-ல் உள்ளூராட்சி மன்றம் வந்தது. 1956-ல் டிரோபர்ட் தலைமைத் தலைவர் ஆனார். சுதந்திரத்துக்கான பேச்சுவார்த்தை எல்லாவற்றிலும் முன்னால் நின்றவர் அவர்தான்.

பேச்சுவார்த்தையின் நடுவே ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது. பாஸ்பேட் தீர்ந்துபோனால் அந்தத் தீவில் வாழ முடியாது, அதனால் எல்லோரும் குவீன்ஸ்லாந்து கரையை ஒட்டியுள்ள கர்டிஸ் தீவுக்குக் குடிவந்துவிடுங்கள், ஆஸ்திரேலியக் குடிமக்களாக இருங்கள், வீடும் வேலையும் தருகிறோம் என்றது. நவூருவைப் போலப் பல மடங்கு பெரிய தீவு. பண வசதியோடு வாழ்ந்திருக்கலாம். நவூருத் தலைவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: அங்கே எங்களை நாங்களே ஆண்டுகொள்ளலாமா? முடியாது என்று பதில் வந்தது. 1964-ல் அந்த யோசனையை நிராகரித்துவிட்டார்கள். ஒருமுறை கப்பலில் ஏற்றி வேறு தீவுக்கு அனுப்பப்பட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்து திரும்பிய மக்கள் அவர்கள். அவர்களிடம் போய் இன்னொரு தீவுக்கு வாருங்கள் என்று சொன்னால் வேறு என்ன பதில் வரும்?

1967-ல் பாஸ்பேட் விஷயத்தில் உடன்பாடு ஆனது. சுரங்கத்தின் இயந்திரங்களையும் கட்டடங்களையும் 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து நவூரு வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. தங்கள் மண்ணைத் தோண்டிய இயந்திரங்களுக்குத் தாங்களே விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஐ.நா. பொதுச்சபை பொறுப்பாட்சியை முடித்துவைக்க ஒப்புக்கொண்டது. அரசியல் சாசனம் 1968 ஜனவரி 29-ல் ஏற்கப்பட்டு, 31-ஆம் தேதி சுதந்திரத்தோடு நடைமுறைக்கு வந்தது. சாமோவாவின் சுதந்திரத்தில் பங்காற்றிய வரலாற்றுப் பேராசிரியர் ஜே. டபிள்யூ. டேவிட்சன் இதற்கும் ஆலோசகராக இருந்தார். அன்றைக்கு உலகிலேயே மிகச் சிறிய குடியரசு நவூருதான்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில் பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஃபிஜி 1970 அக்டோபர் 10-ல் விடுதலை பெற்றது; 1874-ல் அதே அக்டோபர் 10 அன்றுதான் ஃபிஜித் தலைவர்கள் தீவுகளைப் பிரிட்டனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சாமோவா 1962 ஜனவரி 1-ல் விடுதலை பெற்றது, கொண்டாடுவதோ ஜூன் 1-ல். நவூரு தன் மக்கள் கரையேறிய நாளை எடுத்துக்கொண்டது. டிரோபர்ட் உட்பட அந்த முடிவை எடுத்தவர்களில் பலர் அந்தக் கப்பலில் வந்தவர்கள்.

மற்ற விடுமுறைகளும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். மே 17 அரசியல் சாசன தினம், 1968-ல் சாசனம் திருத்தப்பட்ட நாள். அதை ஒட்டித்தான் டிரோபர்ட் முதல் ஜனாதிபதியானார். ஜூலை 1 கைமாற்ற தினம். 1970-ல் அந்த நாளில்தான் பாஸ்பேட் தொழில் நவூருவின் சொந்த நிறுவனத்துக்கு வந்தது. அரசியல் விடுதலை ஒரு தேதியிலும் நிலத்தின் விடுதலை இன்னொரு தேதியிலும் வந்தது என்று அவர்கள் கருதுகிறார்கள், அதனால் இரண்டுக்கும் விடுமுறை. செப்டம்பர் 25 சர் ஹேமர் டிரோபர்ட் தினம், அவருடைய பிறந்தநாள். இவற்றோடு கிறிஸ்தவ நாடு என்பதால் புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், அதற்கு அடுத்த செவ்வாய், கிறிஸ்துமஸ், அதன் மறுநாள் எல்லாம் விடுமுறை.

கொண்டாடுகிற விதமும் நாளுக்கு நாள் மாறும். சுதந்திர தினம் அரசாங்கத்தின் விழா. கொடியேற்றம் முடிந்ததும் அரசுத் துறைகளுக்குள்ளே போட்டிகளும் பாடகர் குழுப் போட்டியும் நடக்கும். தேவாலயங்களில் பாடிப் பழகிய மக்கள், அதனால் பாட்டுப் போட்டியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் பிப்ரவரி 1-உம் விடுமுறைதான். சாசன தினத்தில் தொகுதிகளுக்கு இடையே ஓட்டப் பந்தயங்களும் தடகளப் போட்டிகளும் நடக்கும். கைமாற்ற தினத்துக்குப் பாஸ்பேட் நிறுவனம் ஏற்பாடு செய்யும். அங்காம் தினம் வீட்டு விசேஷம் மாதிரி, ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாக நடத்திக்கொள்ளும், உறவுக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எண்ணிக்கையைக் கொண்டாடும் நாளுக்கு அதுதான் பொருத்தம்.

கைமாற்ற தினத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970-க்குப் பிறகு சில ஆண்டுகள் நவூருவில் பணம் கொட்டியது. தலைக்கு வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளோடு சேர்ந்தது. மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள், சொந்த விமான நிறுவனம் நடத்தினார்கள். தவறான முதலீடுகளிலும் நிர்வாகக் கோளாறுகளிலும் அந்தச் செல்வம் கரைந்தது, அந்தக் கட்டடத்தையும் 2004-ல் விற்றுவிட்டார்கள். இதை மட்டும் எடுத்துக்கொண்டு "திடீர்ப் பணக்கார நாட்டின் வீழ்ச்சி" என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுரங்கம் தோண்டியதில் ஏறக்குறைய தீவின் மூன்றில் ஒரு பங்கு சுதந்திரத்துக்கு முன்பே நாசமாகியிருந்தது. பாஸ்பேட்டை வழித்தெடுத்தபின் மிஞ்சுவது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சுண்ணாம்புப் பாறைக் கூர்கள்தான். அங்கே நடக்கவே முடியாது, பயிர் எப்படி வைப்பது? இன்று தீவின் ஐந்தில் நான்கு பங்கு அப்படிக் கிடக்கிறது, மக்கள் கரையோரப் பட்டையிலும் புவாடா குளத்தைச் சுற்றியும் வாழ்கிறார்கள்.

சுதந்திரத்துக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீர்செய்வது யார் பொறுப்பு என்று ஆராய 1980-களின் பிற்பகுதியில் நவூரு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சி. ஜி. வீரமந்திரி. முன்பு நிர்வகித்த பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றுக்கும்தான் பொறுப்பு என்று குழு முடிவுக்கு வந்தது. 1989-ல் நவூரு ஆஸ்திரேலியா மீது ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. இந்த வழக்கை விசாரிக்கவே கூடாது என்று ஆஸ்திரேலியா எழுப்பிய ஆட்சேபணைகளைத் தள்ளி, விசாரிக்கலாம் என்று 1992-ல் நீதிமன்றம் சொன்னது. வீரமந்திரி அதற்குள் அதே நீதிமன்றத்தின் நீதிபதியாகியிருந்தார், முறைப்படி இந்த வழக்கிலிருந்து விலகி நின்றார். அடுத்த ஆண்டு சமரசம் ஆனது: ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது, அதில் ஒரு பகுதி இருபது ஆண்டுத் தவணை. பிரிட்டனும் நியூசிலாந்தும் தலா 1 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பங்கு கொடுத்தன.

ஆக, நவூரு பற்றிப் பொது அறிவுக் குறிப்பு தயாரிக்கிறீர்கள் என்றால் ஜனவரி 31-க்குப் பக்கத்தில் 1968 என்று மட்டும் எழுதாதீர்கள், 1946-ஐயும் சேர்த்து எழுதுங்கள். அக்டோபர் 26-க்குப் பக்கத்தில் 1932 என்று போடுங்கள், 1949-ல் இரண்டாம் முறை எட்டியதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். இப்போது நவூருவின் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல். முதல் அங்காம் தினத்தன்று இருந்ததைவிட ஆறு மடங்குக்கும் அதிகம்.